பக்கத்து இருக்கையின் கிளட்ச்

அந்த டிரைவிங் ஸ்கூலில் இரண்டு கார்கள். சிவப்பு கார் கியர் வண்டி. வெள்ளை கார், கியரே போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். காருக்கு ஒரு டீச்சர், இருவரும் பெண்கள், இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவளுக்கு வெள்ளை, தம்பியைக் கட்டியவளுக்குச் சிவப்பு. சண்டை வர இதற்கு மேல் வேறு காரணம் வேண்டுமா என்ன? ஒரே வாசல், ஒரே அலுவலகம், ஒரே தண்ணீர் ஜாடி. காலையில் யார் கார் முதலில் கேட்டைத் தாண்டுவது என்பதிலேயே அன்றைய முதல் முறைப்பு ஆரம்பமாகிவிடும்.

தம்பி பெண்டாட்டியை எல்லோரும் கிளட்ச் டீச்சர் என்பார்கள். வாயைத் திறந்தால் முதலில் விழுவது அந்தச் சொல்தான். "கிளட்ச்சை மெதுவா விடு. இன்னும் மெதுவா. ஐயோ கடவுளே, இது காலா உலக்கையா?" என்று அவள் போடும் சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பயந்தார்கள், மீதிப் பேர் அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். "பயப்படட்டும். பயம் இருந்தாத்தான் கால் ஒழுங்கா வேலை செய்யும்" என்பாள்.

ஸ்கூலை ஆரம்பித்தவர் மாமனார். கல்யாணமாகி வந்த புதிதிலேயே, வீட்டு வாசலில் கிளப்ப முடியாமல் நின்ற வண்டியை இவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறிக் கிளப்பிப் போனதைப் பார்த்து, "இந்த வீட்டுல வண்டியப் புரிஞ்சவ இவ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டார் மனுஷன். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பட்டம் போலச் சூடிக்கொண்டாள். மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. அவள் புருஷனோ டிரைவிங் ஸ்கூல் நடத்தும் வீட்டில் பிறந்தும் ஸ்டீயரிங் தொடத் தெரியாதவர். பெண்டாட்டியிடமே படித்துவிட்டு டெஸ்டுக்குப் போனார், போன தடவையெல்லாம் தோற்றுத் திரும்பினார். கடைசியில் போதுமடா சாமி என்று அலுவலகத்தில் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யாராவது கூப்பிட்டு எந்த வண்டியில் படிக்கலாம் என்று கேட்டால், "அதுக்கு அது நல்லது, இதுக்கு இது நல்லது" என்று சொல்லிக் குரலைத் தாழ்த்துவார். அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் அது.

வெள்ளை கார் வந்த அன்றுதான் வினையும் வந்தது. ஸ்கூல் முதலாளி, அதாவது அவள் புருஷனுடைய அண்ணன், "நீயும் ஒரு சுத்து ஓட்டிப் பாரேன்" என்று சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் இளக்காரமாக ஏறினாள். முதலாளி பக்கத்தில், ஓரகத்தி பின்னால். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. கொஞ்சம் வேகம் எடுத்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில், அவளுடைய இடது கால் அடுத்த கியருக்காகக் கிளட்ச்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் ஏது? அகலமான பிரேக்தான் இருந்தது. கார் ஆணி அடித்து வைத்தது போல நின்றது. முதலாளியின் நெற்றி முன்பலகையில் மோதி, மூக்குக் கண்ணாடி பறந்து முன்கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது.

பின் இருக்கையில் ஓரகத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கிளட்ச் டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியலையே!"

அந்தச் சிரிப்பு அவள் காதை விட்டுப் போகவே இல்லை. ஓரகத்தி வயதில் அவளைவிட இளையவள், ஆனால் மூத்தவனைக் கட்டிய உரிமையில் இவள்தான் 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். அதுவே தொண்டையில் முள். அப்படிப்பட்டவள் அடுத்த சில மாதத்திலேயே லைசன்ஸ் வாங்கி, சொல்லிக்கொடுக்கும் பயிற்சியும் முடித்து, வெள்ளை காரில் டீச்சராக வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நேற்று வரைக்கும் காரில் பின்னால் உட்கார்ந்து வாந்தி வருது என்று சொன்னவள் இன்றைக்கு டீச்சர்!

"வெறும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்கார்றதுக்குப் பேரு டிரைவிங்னா, ராட்டினத்துல உக்காந்திருக்கிற குழந்தைக்கும் ஒரு லைசன்ஸ் குடுத்துடுங்க" என்பாள் கிளட்ச் டீச்சர், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எல்லோர் காதிலும் விழும்படி.

"ஊர் போய்ச் சேரணும்னுதான் எல்லாரும் வண்டி ஏறுறாங்க. கால் வலிக்கணும்னு யாரும் ஏறல" என்று ஓரகத்தி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவாள்.

"வண்டி நம்ம பேச்சக் கேக்கணும்க்கா. வண்டி சொல்றத நம்ம கேட்டா அது லிஃப்ட்டு."

"லிஃப்ட்டு வந்த பிறகு யாரும்மா மாடிப்படி ஏறுறாங்க?"

கிளட்ச் டீச்சர் தம்ளரை டக்கென்று வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஊரும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. போக்குவரத்து நெரிசலில் காலையும் மாலையும் நின்று நின்று போகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பயந்த சுபாவக்காரர்கள் எல்லோரும் வெள்ளை காருக்குப் போனார்கள். வேன் ஓட்ட வேண்டியவர்கள், பழைய கார் வைத்திருந்தவர்கள், கியர் போட்டு ஓட்டினால்தான் ஓட்டின மாதிரி இருக்கிறது என்கிற வீம்புக்காரர்கள் சிவப்பு காருக்கு வந்தார்கள். அது போனால் போகிறது. ஆனால் டெஸ்டில் வெள்ளை காரில் போனவர்கள் வரிசையாகப் பாஸாகி வந்தார்கள், சிவப்பு காரில் போனவர்கள் முக்கால்வாசிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

"கியர் வண்டின்னா கஷ்டம்தான். கஷ்டமானதுல தோக்கிறது அசிங்கம் இல்ல" என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டிலிருந்த வேனை ஏற்கனவே ஓட்டிப் பழகியிருந்த சில பேர் பாஸானார்கள். அவர்களையெல்லாம் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தோற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் முறையிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் குமாஸ்தா ஒருவர், தோற்றுத் தோற்றுக் கூச்சமே விட்டுப்போனவர், கேட்டேவிட்டார்: "டீச்சர், உங்க கூட ஓட்டும்போது கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்குது. டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் பக்கத்துல உக்காந்தா மட்டும் கல்லு மாதிரி ஆயிடுதே, அது ஏன்?"

"பயத்துல உங்க கால்தான் கல்லாயிடுது. வண்டியக் குத்தம் சொல்லாதீங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் டீச்சர் பக்கத்திலும் பெடல்கள் உண்டு. சிவப்பு காரில் அவள் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடல்களோடு அவை அடியில் கம்பியால் இணைந்திருக்கும். இவள் மிதித்தால் அந்தப் பக்கமும் தானாக இறங்கும். ஆபத்துக்கு உதவத்தான் அந்த ஏற்பாடு.

அவளுக்கு ஒரே மகள். மருந்துக் கம்பெனி ஒன்றில் கடை கடையாக மருந்து கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டுகிற வேலை மகளுக்குத் தயாராக இருந்தது. வேன் கியர் வண்டி. கியர் இல்லாத காரில் டெஸ்ட் பாஸானவர்கள் கியர் வண்டியைத் தொடக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். ஆகவே சிவப்பு காரில்தான் பாஸாக வேண்டும். மகள் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் தோற்றாள். இரண்டு தடவையும் வண்டி டெஸ்ட் மைதானத்துக் கேட்டருகிலேயே குலுங்கி அணைந்து, அதற்கு மேல் நகரவே இல்லை.

"பெரியம்மாகிட்ட படிச்சிருந்தா இந்நேரம் லைசன்ஸ் கையில இருந்திருக்கும்" என்றாள் மகள், சாப்பாட்டு மேஜையில்.

"போ. போய் அந்தப் பொம்மையையே ஓட்டு. வேன் வேலைய யாரு பாப்பா, உங்க பெரியம்மாவா?"

"கத்தாதம்மா. நீ கத்துறதாலதான் எனக்கு வரல."

"நான் கத்தலன்னா உனக்கு எதுவுமே வராது!"

அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அந்த வாரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். பக்கத்திலேயே ஓரகத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு உன் வண்டியில போறது உன் பொண்ணு ஒருத்திதான். அவ பாஸானா சிவப்பு வண்டி இருக்கட்டும். இல்லன்னா இந்த மாசத்தோட அத வித்துட்டு இன்னொரு ஆட்டோமேட்டிக் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

"அப்ப நான் என்ன பண்றது அத்தான்?"

"அதுல சொல்லிக்குடு. பிடிக்கலன்னா ஆபீஸ்ல உக்காந்து அவனோட சேந்து போன் எடு."

"எங்கிட்ட ஒரு மாசம் படிச்சா பழகிடும். முதல்ல அந்த இடது கால கட்டிப்போடணும்" என்றாள் ஓரகத்தி.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாற்போல இருந்தது. அந்தச் சிவப்பு காரின் பக்கத்து இருக்கைதான் அவளுக்கு வீடு, வாசல், மரியாதை எல்லாமே. அதை விட்டு இறங்கி இவளிடம் போய்ப் படிப்பதா? அவள் வெளியே வந்து, காரின் கதவை அடித்துச் சாத்தினாள்.

புதன்கிழமை காலை மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பாலத்துக்கு அப்பால் நாலு சாலை கூடும் சந்திப்பு. விளக்கு பச்சையானது. மகள் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டாள். கார், முட்ட வரும் ஆடு மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

அதே நொடியில் பக்கத்து இருக்கையிலும் ஒன்று நடந்தது. டீச்சரின் இடது கால் தன் பெடலை மிதித்தது, பெடல் எந்தத் தடையுமில்லாமல் தரை வரைக்கும் போய்த் தட்டியது. அடியில் ஏதோ டொங்கென்று விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"கிளப்பு, கிளப்பு! பின்னாடி வண்டி நிக்குது பாரு!"

மகள் கிளப்பினாள், விட்டாள், அணைந்தது. மறுபடி கிளப்பினாள், அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு வேன்காரன் தலையை வெளியே நீட்டி, "வீட்டுல போய்த் தூங்குங்கம்மா!" என்று கத்தினான்.

"என்னடி பண்ற? நேத்து நல்லாத்தானே ஓட்டுன?"

"கிளட்ச் கல்லு மாதிரி இருக்குமா! டெஸ்ட்ல இப்படித்தான் இருந்துச்சு! இதே மாதிரி!"

"உனக்கு எப்பவும் ஒரு சாக்கு!"

விளக்கு சிவப்பாகி, பச்சையாகி, மறுபடியும் சிவப்பானது. கடைசியில் கார் தட்டுத்தடுமாறி மெக்கானிக் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மெக்கானிக் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். உள்ளே இருந்தபடியே, "ஓட்டுறவங்க பக்கம் கிளட்ச் ஜம்முனு இருக்கு. உங்க பக்கத்துக் கம்பிதான் அறுந்திருக்கு டீச்சர்" என்றார்.

"என் பக்கத்துக் கம்பி அறுந்தா அவளுக்கு எப்படி கிளட்ச் கல்லாகும்?"

"அது கல்லாகல. அது அப்படித்தான் இருக்கும்." வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக் கதவையும் திறந்தார். "இந்த ரெண்டு ரப்பரையும் ஒரே நாள்லதான் நான் மாட்டினேன். பாருங்க."

குனிந்து பார்த்தார்கள். மகளின் காலடியில் இருந்த கிளட்ச் பெடலின் ரப்பரில் கோடுகள் வரிவரியாக அப்படியே இருந்தன. டீச்சர் பக்கத்துப் பெடலில் ரப்பர் வழுக்கையாகித் தேய்ந்து, நடுவில் இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"ஓட்டப் படிக்க வந்தவங்க கால விட உங்க கால்தான் ஜாஸ்தி மிதிச்சிருக்கு" என்றார் மெக்கானிக் சிரித்துக்கொண்டே. "உங்க ஸ்டூடண்ட்டுங்க எல்லாரும் சும்மா கால வெச்சுட்டு இருந்திருக்காங்க போல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மகள் சிரிக்கவில்லை. அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வை சரியில்லை.

"அப்ப நான் இத்தன நாளா ஓட்டவே இல்ல. நீதான் ஓட்டிருக்க."

"என்னடி உளர்ற? வண்டி அணையப் போற நேரத்துல ஒரு தடவ ரெண்டு தடவ மிதிச்சிருப்பேன். ஆபத்துக்கு மிதிக்கத்தானே பெடல் வெச்சிருக்கு?"

"ஆபத்துக்கு மிதிச்சா இரும்பு தெரியுமா?"

 தன் கால் இவ்வளவு மிதித்தது சத்தியமாக டீச்சருக்குத் தெரியாது. கியர் உராயும் சத்தம் கேட்டால் அவளுக்குப் பல் கூசும். வண்டி குலுங்கினால் தன்னையே யாரோ உலுக்கின மாதிரி இருக்கும். அதற்கு முன்னாலேயே கால் போய்விடும். வாய் பாட்டுக்கு "நீ விடு, நீயே விடு" என்று கத்திக்கொண்டிருக்கும், கீழே கால் அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எத்தனை பேர்! குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், அழுதுகொண்டே திரும்பிப் போன அந்த நர்ஸ் பெண்... எல்லோருடைய காலையும் உலக்கை என்றும் கட்டை என்றும் திட்டியிருக்கிறாளே!  ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்கிற பிறவியா அவள்?

"கம்பிய வெல்டிங் வெச்சுக் குடுங்க. எவ்வளவு நேரமாகும்?" என்றாள் மெக்கானிக்கிடம்.

"வெக்காதீங்க" என்றாள் மகள்.

"வெல்டிங் வெக்கச் சொன்னேன்!"

"வெச்சா வெள்ளிக்கிழமையும் தோப்பேன். வேலையும் போகும், உன் காரும் போகும். பெரியம்மா கைதட்டிச் சிரிப்பாங்க. அதுதான் வேணுமா உனக்கு?" மகள் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "வர்றதுன்னா வா. வாய வேணா வெச்சுக்கோ. கால மடக்கி வெச்சுக்கோ."

பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது? அவளுக்கு ரத்தம் கொதித்தது. இருந்தாலும் ஏறினாள். ஏறாமல் என்ன செய்வது?

அன்று மாலையும் வியாழக்கிழமை முழுவதும் அந்தக் கார் ஊரில் நிற்காத இடமில்லை. சந்தை வாசலில் அணைந்தது, பாலத்து ஏற்றத்தில் பின்னால் உருண்டது, ஆஸ்பத்திரி முனையில் குதித்துக் குதித்துப் போனது. ஒவ்வொரு தடவையும் டீச்சரின் கால் செத்த பெடலை மிதித்துத் தரையில் தட்டியது. டொக். ஒவ்வொரு டொக்குக்கும் மகள் திரும்பி முறைத்தாள்.

"மறுபடியும்!"

"தெரியாம போகுதுடி! நான் என்ன வேணும்னா பண்றேன்?"

"உன் காலு, உனக்குத் தெரியாம எங்க போகும்?"

எதிரே வெள்ளை கார் வந்தது. ஓரகத்தி கண்ணாடியை இறக்கி, "என்ன, வண்டிக்கு விக்கலா?" என்று கேட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டு போனாள். டீச்சர் அவள் போன திசையைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் வியாழன் சாயங்காலம் பாலத்து ஏற்றத்தில், முன்னால் ஒரு லாரியும் பின்னால் ஒரு லாரியுமாக மாட்டிக்கொண்டபோது, மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை இழை இழையாக விட்டாள். கார் நடுங்கியது, மூச்சு வாங்கியது, அணையாமல் ஏறியது. டீச்சர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காரில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஏறி முடித்தும் மகள் அவள் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் மைதானத்தில் ஒரே ஒரு பெஞ்சு. வெள்ளை காரில் வந்தவர்களுக்காக ஓரகத்தியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு கைப்பைகளை வேலி மாதிரி வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள்.

ஆபீசர் ஏறினார். சிவப்பு கார் நகர்ந்தது. கேட்டருகே, போன இரண்டு தடவையும் நின்ற அதே இடத்தில், ஒரு குலுக்கல். அணைந்துவிட்டது. டீச்சரின் செருப்பு பெஞ்சுக்கடியில் மண்ணை ஓங்கி மிதித்தது. புழுதி கிளம்பியது.

ஓரகத்தி குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா, இங்க உக்காந்துக்கிட்டு யாருக்கு கிளட்ச் மிதிக்கிற?"

"உங்க வேலையப் பாருங்கக்கா."

அதற்குள் கார் கிளம்பிவிட்டது. கேட்டைத் தாண்டித் திரும்பி, சாலையில் சேர்ந்து, கியர் மாறுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வழுவழுவென்று கேட்டு மறைந்தது. ஓரகத்திக்கும் அந்தச் சத்தம் புரிந்திருக்க வேண்டும். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஆபீசர் இறங்கி, மகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பாஸ். டீச்சர் எழுந்து போனாள். கட்டிப்பிடிக்கலாம் என்றுதான் போனாள். மகள் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் கார் உனக்கு. திங்கக்கிழமை வேன்ல ஏறுறேன். ஆனா என் வேன்ல நீ எப்பவும் முன்னாடி உக்காரக்கூடாது. சொல்லிட்டேன்."

"உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணேன்?"

"எனக்கு எதுவுமே வராதுன்னு நம்ப வெச்ச" என்றாள் மகள். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். காரில் இடம் இருந்தும் ஏறவில்லை.

அன்று ராத்திரி நடந்ததையெல்லாம் மகள் சொல்லக் கேட்ட அப்பா, கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். "அப்ப... டெஸ்ட்ல நான் தோத்ததுல என் மேல தப்பு இல்லையா?" என்று கேட்டார்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றாள் டீச்சர். ஆனால் அவர் வாயை மூடவில்லை, சாப்பிடவும் இல்லை. இத்தனை வருஷமாகப் போன் எடுத்த அந்த மனுஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் முதலில் எழுந்து போனாள்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார். "மாட்டிடவா டீச்சர்?"

"மாட்ட வேணாம். என் பக்கத்துக் கிளட்ச் பெடலையே கழட்டிடுங்க."

"விளையாடுறீங்களா? கிளட்ச் டீச்சருக்கே கிளட்ச் வேணாமா?"

"கழட்டச் சொன்னா கழட்டுங்களேன்யா! கேள்வி கேக்காம ஒரு வேலையும் நடக்காதா இந்தப் பட்டறையில?"

கழற்றினார். பெடல் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது, அதை ஒரு தகடு வைத்து அடைத்தார். கார் ஸ்கூல் வாசலுக்கு வந்ததும் ஓரகத்தி கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். டீச்சர் பக்கத்தில் ஒற்றை பிரேக் மட்டும் நின்றது, அவளுடைய வெள்ளை காரில் இருப்பது போலவே.

"அட! இப்ப உன் வண்டியும் என் வண்டியும் ஒண்ணுதான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்கார்ற உத்தியோகம்" என்றாள்.

டீச்சர் சாவியை உருவிக்கொண்டு இறங்கி நடந்தாள்.  இந்தப் பிறவியில் இவளோடு சமாதானம் கிடையாது என்பது மட்டும் உறுதி.

திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு வந்தவர் அந்த வங்கிக் குமாஸ்தா. டீச்சர் ஏறி உட்கார்ந்து, இடது செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மடித்துத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் விநோதமாகப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? ஓட்டுங்க."

பாலத்துக்கு அப்பால் சந்திப்பில் கார் அணைந்தது. அவர் கிளப்பினார், அணைந்தது. வியர்த்துக் கொட்டியது மனுஷனுக்கு. "டீச்சர், கல்லாயிடுச்சு டீச்சர், டெஸ்ட்ல ஆகுற மாதிரியே..." என்று திணறினார். பின்னாலிருந்து ஹாரன்கள் ஒன்று சேர்ந்து அலறின. தொடைக்கடியில் அவள் கால் துடித்துத் துடித்து எழப் பார்த்தது. அவள் தன் முழு கனத்தையும் அதன் மேல் போட்டு அழுத்தினாள், கால் மரத்துப் போகும் வரைக்கும்.

ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி, "சொல்லிக்குடுக்கத் தெரியலன்னா எதுக்கும்மா இந்த வேலை?" என்று கத்தினான்.

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, குரல் மட்டும் பழைய குரல்தான்.

"ஓட்டுறது அவரு! நான் இல்ல! அவருக்கு வர்ற வரைக்கும் நில்லுய்யா!"